கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை: 12100எஃப், 5600ஜி, 12400 இவற்றில் எதை எடுப்பது?

கேட்டவர்:

வணக்கம். என்னிடம் உள்ள கணினி, நான்காம் தலைமுறை கோர் ஐ5 பிராசசர் கொண்ட பழைய அலுவலகக் கணினி. கைபேசியில் எடுத்த முழு எச்டி வீடியோவைத் தொகுக்க உட்கார்ந்தால் முன்னோட்டமே திக்கித் திக்கி ஓடுகிறது. ஆகவே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கணினியைப் பூட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கையிருப்பு குறைவு என்பதால் கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவிட்டேன். வீடியோ தொகுப்பும் நிரல் எழுதிப் பழகுவதும் முதன்மை வேலைகள். எப்போதாவது எளிய விளையாட்டுகள் ஆடுவேன். கோர் ஐ3-12100எஃப், ரைசன் 5 5600ஜி, கோர் ஐ5-12400 ஆகிய மூன்றுக்குள் மாறி மாறிக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். 12100எஃப் விலை குறைவு என்பதால் மனம் அதன் பக்கமே சாய்கிறது. பழைய கணினியிலிருந்து 8 ஜிபி ரேம், மானிட்டர், பவர் சப்ளை ஆகியவற்றை எடுத்துக்கொள்வதாகக் கணக்குப் போட்டுள்ளேன். இது சரிவருமா?

முதல் பதிலர்:

12100எஃப் உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது, நண்பரே. இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். மதர்போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்துவிட்டு, படம் வந்துவிடும் என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். அந்தத் துளைக்குப் படத்தை அனுப்ப வேண்டியது பிராசசர்தான். அதனிடம் கிராபிக்ஸ் பகுதி இல்லையென்றால், விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

மூன்று விவரங்கள் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்க எவ்வளவு காலம் ஆகும்? மானிட்டரில் என்னென்ன துளைகள் உள்ளன? அந்த 8 ஜிபி ரேமின் ஒட்டுத்தாளில் என்ன அச்சிட்டிருக்கிறது?

கேட்டவர்:

நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன் கேட்டேன். கார்டு வாங்க எப்படியும் ஓராண்டுக்கு மேல் ஆகும். மானிட்டரில் நீல நிற விஜிஏ துளை ஒன்றுதான் இருக்கிறது. ரேமைக் கழற்றிப் பார்த்தேன். ‘பிசி3-12800’ என்று அச்சிட்டிருக்கிறது.

இரண்டாம் பதிலர்:

பிசி3 என்றாலே அது டிடிஆர்3 வகை. 12800 என்பது நொடிக்கு 12,800 எம்பி என்ற கணக்கு, அதாவது டிடிஆர்3-1600. டிடிஆர்3 பலகையில் 240 ஊசிகள், டிடிஆர்4 பலகையில் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் அழுத்தினாலும் உட்காராது. தயவுசெய்து அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். ரேமைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது 16 ஜிபியை ஒரே பலகையாக எடுக்காமல் இரண்டு 8 ஜிபியாக எடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கும் இந்த ரேம்தான் சோறு போடுகிறது. டிடிஆர்4-3200 பலகை ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவை அனுப்பும். ரேமையும் பிராசசரையும் இணைக்கும் இரு சேனல்களிலும் ஒவ்வொன்று இருந்தால் அது 51.2 ஜிபி ஆகிறது. நான் 5600ஜியை வாங்கிய புதிதில் ஒற்றை 8 ஜிபி பலகையோடு ஓட்டினேன். அதில் 2 ஜிபியைக் கிராபிக்ஸுக்கென்று பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) ஒதுக்கிக்கொண்டதால், டாஸ்க் மேனேஜரில் பயன்படுத்தக்கூடியது 5.9 ஜிபி என்றே காட்டியது. உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்தாலே கணினி திணறும். பிராசசரைத்தான் நாள்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பலகையைச் செருகியதும் அது வேறு கணினி போல ஆகிவிட்டது.

மூன்றாம் பதிலர்:

கையிருப்பு குறைவு என்கிறீர்கள். பயன்படுத்திய கோர் ஐ7-7700 கணினி கிடைத்தால் பார்க்கலாமே. 12100எஃப் போலவே அதிலும் நான்கு கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனி இயங்கு பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி வரிசை) இருக்கின்றன.

முதல் பதிலர்:

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், 12100இன் ஒவ்வொரு கோரும் ஏழாம் தலைமுறைக் கோரைவிட வெகு வேகமானது. அது மட்டுமன்று. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் 7700 இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுபவருக்கு அது நல்ல யோசனைதான். இவர் தொகுப்பு மென்பொருளை விண்டோஸில் ஓட்டுகிறாரா என்பது தெரிந்தால் முடிவு சொல்லலாம்.

கேட்டவர்:

விண்டோஸில்தான். பயன்படுத்தியது வேண்டாம் என்றே நினைக்கிறேன். இனி 5600ஜி, 12400 இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டாம் பதிலர்:

என் ஓட்டு 5600ஜிக்கு. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் என்பதில் இரண்டும் சமம். ஆனால் 5600ஜியில் உள்ள வேகா கிராபிக்ஸ், 12400இல் உள்ள யுஎச்டி 730ஐவிட விளையாட்டில் தெளிவாக முந்தும். கார்டு இல்லாமல் ஓராண்டு ஓட்டப்போகிறவர் அதை விட்டுக்கொடுப்பது ஏன்?

முதல் பதிலர்:

விளையாட்டுதான் முதன்மை என்றால் நானும் அதையே சொல்வேன். இவர் எழுதியதை மீண்டும் படியுங்கள்: தொகுப்பு முதலில், விளையாட்டு எப்போதாவது. 12400இன் கோர்கள் தனித்தனியாகவே 5600ஜியின் கோர்களைவிட வேகமானவை. அதன் கிராபிக்ஸ் பகுதி விளையாட்டில் சோப்ளாங்கிதான். ஆனால் சுருக்கிய வீடியோவை விரிக்கவும் மீண்டும் சுருக்கவும் அதற்குள் குவிக் சிங்க் என்ற தனி அமைப்பு இருக்கிறது. தொகுப்பு மென்பொருள் அதைப் பயன்படுத்தினால் முன்னோட்டம் திக்காது. ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவ வீடியோவையும் யுஎச்டி 730 தன் வன்பொருளிலேயே விரிக்கும். 5600ஜியின் வேகாவுக்கு அந்த வசதி இல்லை.

ஓராண்டு கழித்துக் கார்டு வாங்கும்போது இன்னொரு சிக்கல் வரும். 5600ஜி என்பது ரைசன் 5 5600உடன் கிராபிக்ஸைச் சேர்த்துக் கொடுத்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 5600இல் 32 எம்பி இருக்கும் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 5600ஜியில் 16 எம்பிதான்; கார்டையும் பிராசசரையும் இணைக்கும் பிசிஐஇ பாதையும் 4.0க்குப் பதிலாக 3.0தான். அந்தப் பாதையில் எட்டோ பதினாறோ லேன் (தடம்) கொண்ட கார்டுக்கு இது பெரிய இழப்பன்று. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவான கார்டில் இருப்பவை நான்கே லேன்கள்; 3.0இல் செருகினால் பாதையின் வேகம் பாதியாகிவிடும். சிக்கனமாக வாங்குபவர் தேடிப் போவதே அந்த வகைக் கார்டைத்தானே.

செலவை இன்னும் சுருக்க வேண்டுமென்றால் எஃப் இல்லாத 12100 போதுமா என்றும் யோசிக்கலாம். உச்ச வேகம் அதில் 4.3 கிகாஹெர்ட்ஸ், 12400இல் 4.4, நிரல் எழுதும்போது வேறுபாடே தெரியாது. வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் அந்த இரண்டு கோர்களின் அருமை தெரியும். வாரம் ஒருமுறையாவது ஏற்றுமதி செய்பவர் என்றால் 12400ஐயே எடுங்கள்.

மதர்போர்டுக்கு எச்610 வகை போதும். அவற்றில் சிலவற்றில் உங்கள் மானிட்டருக்கு வேண்டிய விஜிஏ துளை இன்றும் தருகிறார்கள்; வாங்குமுன் பின்புறப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மாடலில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகைகளும் வருவதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். பழைய அலுவலகக் கணினியின் பவர் சப்ளையில் இணைப்பிகளே வேறு மாதிரி இருக்கக்கூடும். அதை மறந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். பிராசசரைக் கூலருடன் வரும் பெட்டியாகக் கேளுங்கள். உதிரியாக விற்பதில் கூலர் வராது.

இரண்டாம் பதிலர்:

நான்கு லேன் விவரத்தை நான் யோசிக்கவில்லை. விளையாட்டைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை. இவருக்கு 12400 பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர்:

12400, விஜிஏ உள்ள எச்610, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4-3200 என்று வாங்கி நேற்று இரவு பூட்டி முடித்தேன். பிராசசரின் நெம்புகோலை அழுத்தும்போது எழுந்த நறநற ஒலியில் உயிரே போய்விட்டது. அது இயல்புதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் முறையிலேயே திரையில் படம் வந்தது. ஒரே ஒரு குறை: ரேமின் வேகம் 2666 என்று காட்டுகிறது. தவறான பலகையைக் கொடுத்துவிட்டார்களா?

முதல் பதிலர்:

பலகை சரியாகத்தான் இருக்கும். பயாஸுக்குள் போய் ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கி, சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். அதுவரை பலகை தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும்.

கேட்டவர்:

இயக்கினேன். டாஸ்க் மேனேஜரில் இப்போது 3200 என்று காட்டுகிறது. தொகுப்பு மென்பொருளின் அமைப்புகளில் குவிக் சிங்கையும் தேர்வு செய்துவிட்டேன். பழைய கணினியில் திக்கிய அதே வீடியோ இப்போது நிற்காமல் ஓடுகிறது. மிக்க நன்றி.