கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுற வீடியோ டிவிடி பிளேயர்ல போட்டா திக்குது, உதவி வேணும்

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா 2003, 2004 வாக்குல ஊர்த் திருவிழாவ மினிடிவி (MiniDV) டிஜிட்டல் கேசட்ல எடுத்து வச்சிருந்தாரு, தேர் இழுக்குறது, கரகாட்டம், முளைப்பாரி எல்லாம் இருக்கு, அதுல பாதிப் பேரு இப்ப இல்ல. கேசட் வீணாப் போறதுக்குள்ள டிவிடி ஆக்கிடலாம்னு பழைய கேம்கார்டர (வீடியோ கேமரா) ஃபயர்வயர் கேபிள்ல, அதாவது கேசட்ல இருக்குறத அப்படியே டிஜிட்டலா அனுப்புற கேபிள்ல, மாட்டி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்தா அருமையா இருக்கு. எடிட் பண்ணி டிவிடிக்கான எம்பெக்-2 ஃபைலா ஆக்கி, டிவிடிஸ்டைலர்ங்கிற சாப்ட்வேர்ல மெனு வச்சு பர்ன் பண்ணி அப்பத்தா வீட்டு பிளேயர்ல போட்டா திக்கித் திக்கி ஓடுது. யாராச்சும் நின்னு பேசுற இடம்னா ஒண்ணும் தெரியல, தேர் நகரும்போதும் கரகம் ஆடுறவங்க சுத்தும்போதும் படமே நடுங்குது. கடைசில போன வருஷத் திருவிழாவுக்கு ஃபோன்ல எடுத்த கிளிப்பும் கொஞ்சம் சேத்திருக்கேன், அது நடுங்கல ஆனா வெட்டி வெட்டிப் போற மாதிரி இருக்கு. முடியப் போற நேரத்துல கட்டம் கட்டமா வந்து நின்னே போகுது.

மொத்தம் 100 நிமிஷம், பால் ஃபார்மேட் (நம்ம ஊர் டிவி முறை), பிட்ரேட் (நொடிக்கு எவ்ளோ டேட்டா) ஆட்டோ, மேக்ஸிமம் 9.8 எம்பிபிஎஸ், சவுண்ட் சுருக்காத பிசிஎம், பர்னிங் வேகம் 16எக்ஸ். பென்டிரைவ்ல போட்டுக் குடுன்னு சொல்லாதீங்க ப்ளீஸ், அப்பத்தா கிட்ட இருக்குறது பழைய குண்டு டிவி, அதுல பென்டிரைவ் போடவே வழி இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சது பிளேயர்ல தட்டத் தள்ளி பிளே அமுக்குறது மட்டுந்தான். சொந்தக்காரங்களும் ஆளுக்கு ஒரு காப்பி கேட்டிருக்காங்க.

சிவகங்கைப் பையன் எழுதியது:

ப்ரோ 16எக்ஸ்ல பர்ன் பண்ணா இப்படித்தான் ஆகும், 4 இல்லன்னா 8ல வச்சு திரும்ப அடிச்சுப் பாருங்க, நல்ல டிஸ்க்கா வாங்குங்க. எனக்கு அதுலயே சரியாச்சு.

வைகைக்கரை எழுதியது:

நன்றி ப்ரோ. 8ல அடிச்சுப் பாத்துட்டேன், கடைசில நிக்கிறது போயிருச்சு, ஆனா தேர் வர்ற இடத்துல நடுக்கம் அப்படியேதான் இருக்கு. அதே டிஸ்க்க கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர் சாப்ட்வேர்ல போட்டா சுத்தமா ஓடுது, அதான் ஒண்ணும் புரியல. பிளேயர்தான் கோளாறா, புதுசா வாங்கணுமா?

டேப்பு அண்ணாச்சி எழுதியது:

தம்பி, பிளேயர மாத்தாதீங்க. கல்யாண வீடியோ எடிட்டிங்ல ரொம்ப வருஷம் இருந்தவன், நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. நின்னு பேசுறவங்க நல்லாத் தெரியுறாங்க, நகர்றதுதான் நடுங்குதுன்னா அது டிஸ்க் கோளாறே இல்ல. டிஸ்க்கு கெட்டிருந்தா அது ஆள் நிக்கிறாரா ஆடுறாரான்னு பாக்காது, எந்த இடத்துல படிக்க முடியலையோ அந்த இடத்துல நிக்கும், கட்டம் கட்டும். உங்களுக்கு வந்திருக்குறது ஃபீல்ட் ஆர்டர் பிரச்சனை.

கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இதப் புரிஞ்சுக்கிட்டா அடுத்த கேசட்டுகளுக்கும் உதவும். பால்ல நொடிக்கு 25 ஃபிரேம். ஆனா அந்தக் கேம்கார்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் ரெண்டு பாதியா எடுக்கும், ஒரு பாதில ஒத்தைப்படைக் கோடுங்க, இன்னொண்ணுல ரெட்டைப்படைக் கோடுங்க. இந்தப் பாதிக்குப் பேருதான் ஃபீல்ட், அப்ப நொடிக்கு 50 ஃபீல்ட், ஒவ்வொண்ணும் வேற வேற நேரத்துல எடுத்தது. மினிடிவில எப்பவுமே கீழ் ஃபீல்ட் முதல்ல, அதாவது பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட். நீங்க எம்பெக்-2 ஆக்குனப்ப சாப்ட்வேர் டாப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்னு குறிச்சிருக்கும், நிறைய சாப்ட்வேர்ல அதுதான் டிஃபால்ட். அப்ப பிளேயர் 1, 2, 3, 4ன்னு காட்ட வேண்டியத 2, 1, 4, 3ன்னு காட்டும். தேர் ஒரு அடி முன்னாடி போயி உடனே கொஞ்சம் பின்னாடி வந்து திரும்ப முன்னாடி போகும், நொடிக்கு 25 தடவ. அதான் நடுக்கம். நிக்கிற ஆளுக்கு ரெண்டு ஃபீல்டும் ஒண்ணுதான், அதனால அங்க வித்தியாசமே தெரியாது.

கம்ப்யூட்டர்ல ஏன் தெரியலன்னா, அங்க பிளேயர் சாப்ட்வேர் ரெண்டு ஃபீல்டையும் ஒண்ணாச் சேத்து ஒரே படமாக் காட்டிடும், எது முன்னாடி எது பின்னாடின்னு அங்க கேள்வியே வராது. குண்டு டிவி ஒண்ணு மாத்தி ஒண்ணு கோடு கோடாப் போடும், அதனால தப்பு வெளிய வந்துரும். இதனாலயே எத்தனையோ பேரு நல்ல பிளேயரத் தூக்கிப் போட்டிருக்காங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

சோதிச்சுப் பாக்க டிஸ்க் வேண்டாம். விஎல்சில வீடியோ மெனுவுல டிஇன்டர்லேஸ (கோடு கோடா இருக்குற ஃபீல்ட முழுப் படமாக்குறது) ஆன் பண்ணி, மோடு யாடிஃப் 2எக்ஸ் இல்லன்னா பாப் வைங்க. இது ரெண்டும் ஃபீல்ட தனித்தனியாக் காட்டும். இப்ப தேர் வர்ற இடத்த ஓட்டுங்க, கம்ப்யூட்டர்லயே நடுங்கும். அப்புறம் மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, அதுல முதல்ல ஏத்துன ஃபைலையும் எம்பெக்-2 ஃபைலையும் தொறந்து ஸ்கேன் ஆர்டர் என்னன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.

சரி பண்றது சுலபம். எடிட்டிங் சாப்ட்வேர்ல புராஜெக்ட் செட்டிங், எக்ஸ்போர்ட் செட்டிங் ரெண்டு இடத்துலயும் பாட்டம் இல்லன்னா லோயர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட் வைங்க. டிவிடிக்கு டாப்தான் வேணும்னு சில பேரு சொல்வாங்க, அப்படி ஒண்ணும் கிடையாது, ரெண்டையும் டிவிடி ஏத்துக்கும். சைஸ மாத்தாதீங்க, கேசட்ல இருக்குறதும் 720க்கு 576, டிவிடியும் அதே. மேல கீழ கிராப் பண்ணணும்னா ரெட்டைப்படை எண்ணிக்கைல கோட்ட வெட்டுங்க, மேல ஒரே ஒரு கோட்ட வெட்டுனாலும் ஃபீல்ட் தலைகீழா மாறிடும். தயவுசெஞ்சு டிஇன்டர்லேஸ் பண்ணி 25 ஃபிரேமா ஆக்கிடாதீங்க, நடுக்கம் போகும், ஆனா நொடிக்கு 50 அசைவுல பாதி போயிரும், கரகாட்டத்துக்கு அந்த அசைவுதான் உயிரே.

ஒளி_தேனி எழுதியது:

அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஃபோன் கிளிப் பத்தி நான் சொல்றேன், அது வேற நோய். ஃபோன்ல பொதுவா நொடிக்கு 30 ஃபிரேம், அதுவும் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் கொறைஞ்சா ஃபோனே ஃபிரேம கொறைச்சிக்கும், மீடியாஇன்ஃபோல ஃபிரேம் ரேட் மோடு வேரியபிள்னு வரும். அத நீங்க பால் டிஸ்க்ல போடும்போது 30ஐ 25 ஆக்கணும், அப்ப ஒவ்வொரு நொடியும் 5 ஃபிரேம தூக்கி எறியுது. கேமராவ மெதுவாத் திருப்புற ஷாட்டுல அந்த வெட்டு நல்லாவே தெரியும்.

அந்தக் கிளிப்பெல்லாம் தனி டிஸ்க்கா போட்டுருங்க, என்டிஎஸ்சில (அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை), 720க்கு 480, 29.97 ஃபிரேம். நம்ம ஊர்ல விக்கிற பிளேயர் பெரும்பாலும் ரெண்டு ஃபார்மேட்டும் பாடும். முதல்ல ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட், 29.97னு வச்சு ஒரு எம்பி4 எடுத்துக்குங்க, குவாலிட்டிய நல்லா உசத்தியே வைங்க, ஏன்னா திரும்ப ஒரு தடவ எம்பெக்-2 ஆகப் போகுது. ஹேண்ட்பிரேக் டிவிடி பண்ணாது, சீராக்குறதுக்கு மட்டுந்தான். அப்புறம் அத டிவிடிஸ்டைலர்ல என்டிஎஸ்சி புராஜெக்ட்ல போடுங்க. ஒரே டிஸ்க்குல பாலையும் என்டிஎஸ்சியையும் கலக்க வேண்டாம். கலந்தே ஆகணும்னா வெட்டு இருக்கத்தான் செய்யும்.

பிட்ரேட்டும் மாத்துங்க. டிவிடில வீடியோ 9.8 எம்பிபிஎஸ் வரைக்கும் போகலாம், ஆனா வீடியோ சவுண்ட் எல்லாம் சேந்து 10.08க்குள்ள இருக்கணும். நீங்க மேக்ஸிமம் 9.8 வச்சிருக்கீங்க, பிசிஎம் சவுண்டுக்கு மட்டும் 1.5 போகுது, கூட்டிப் பாருங்க. கூட்டமா ஆடுற எடத்துல பிட்ரேட் உச்சிக்குப் போகும், அப்பப் பிளேயர் மூச்சு வாங்கும். சவுண்ட ஏசி3ல (சுருக்குன சவுண்ட்) 256 கேபிபிஎஸ் போதும், 48 கிலோஹெர்ட்ஸ். ஃபோன் கிளிப்ப எடுத்துட்டா கேசட் எவ்ளோ நேரம் வரும்?

வைகைக்கரை எழுதியது:

80 நிமிஷம் வரும். அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி விஎல்சில யாடிஃப் 2எக்ஸ் வச்சேன், அப்பத்தா வீட்ல பாத்த அதே நடுக்கம் இங்கயும்! ஏத்துன ஃபைல்ல பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்னு இருக்கு, எம்பெக்-2ல டாப்னு இருக்கு. ரொம்ப ரொம்ப நன்றி.

ஒளி_தேனி எழுதியது:

80 நிமிஷம்னா சராசரி 7, உச்சம் 8.5 வைங்க, டூ பாஸ்ல (ரெண்டு தடவ ஓட்டி) எடுங்க, நேரம் ஆகும் பரவால்ல. சவுண்டோட சேத்து 4.36 ஜிபி கிட்ட வரும், டிஸ்க்கு 4.7. கொஞ்சம் எடம் மிச்சம் இருக்குறது நல்லதுதான்.

டேப்பு அண்ணாச்சி எழுதியது:

அந்த மிச்சம் ஏன் நல்லதுன்னா, டிவிடி உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிய நோக்கி எழுதும். ஓரத்துலதான் எழுத்துப் பிழை அதிகம் வரும், உங்களுக்குக் கடைசில நின்னது அதான், சிவகங்கைத் தம்பி சொன்னது அதுக்கு சரியான மருந்து. 16எக்ஸ் டிஸ்க்குன்னா 8 போதும், ரொம்பக் கொறைச்சு வச்சாலும் நல்லா வரும்னு சொல்ல முடியாது, டிஸ்க்கு அந்த வேகத்துக்குத் தயாரானது இல்ல. இம்க்பர்ன் (ImgBurn) சாப்ட்வேர்ல பர்ன் பண்ணா வெரிஃபைய டிக் பண்ணுங்க, எழுதுனத திரும்பப் படிச்சுப் பாத்துச் சொல்லும். ஆர்டபிள்யூ (அழிச்சு எழுதுற) டிஸ்க் வேணாம், அது வெளிச்சத்த ரொம்பக் கம்மியாத் திருப்பும், பழைய லென்ஸுக்குக் கஷ்டம். பேர் எழுத மார்க்கர் போதும், பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டுனா சுத்தும்போது ஆடும். எல்லாருக்கும் காப்பி போடுறதுக்கு முன்னாடி தேர், கரகம், ஒரு பேச்சுன்னு அஞ்சு நிமிஷம் மட்டும் ஒரு டிஸ்க்ல போட்டு அப்பத்தா பிளேயர்லயே பாருங்க, அங்க ஓடுனா எங்கயும் ஓடும்.

இன்னொண்ணு தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்துன அந்தப் பெரிய ஃபைல அழிக்காதீங்க. மணிக்கு 13 ஜிபி ஆகுதுன்னு பாக்காதீங்க. டிவிடில இருக்குறது சுருக்குனது, ஒரிஜினல் அதுதான். ரெண்டு ஹார்ட்டிஸ்க்ல வைங்க, ஒண்ணு வேற வீட்ல இருக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணாச்சி சொன்னபடி அஞ்சு நிமிஷ டிஸ்க் அடிச்சு ஊர்ல போட்டுப் பாத்தாச்சு. தேர் அப்படியே வழுக்கிட்டு வருது, நடுக்கம் சுத்தமா இல்ல. ஃபோன் கிளிப் என்டிஎஸ்சி டிஸ்க்கும் ஓடுது, ஆனா கலர் லேசா வெளுத்த மாதிரி தெரியுது, டிவில கலர கொஞ்சம் ஏத்தி வச்சா சரியா இருக்கு. முழு டிஸ்க்க டூ பாஸ்ல போட்டிருக்கேன், ராத்திரி பூரா ஓடும் போல. இன்னும் ஹை8 கேசட் (பழைய அனலாக் கேசட்) ஒரு பொட்டி இருக்கு, அத எடுத்தது ஃபயர்வயர் போர்ட்டே இல்லாத கேமரா, அத எப்படி ஏத்துறது?

டேப்பு அண்ணாச்சி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஹை8க்கு டிஜிட்டல்8 கேம்கார்டர் தேடுங்க, அதுல நிறைய மாடல் பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயர்லயே அனுப்பும், எல்லாம் ஓட்டாது, வாங்குறதுக்கு முன்னாடி கேசட்ட கையோட கொண்டு போயி போட்டுப் பாருங்க. அப்படி ஏத்துனாலும் பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்தான். கிடைக்கலன்னா எஸ்-வீடியோ கேபிள்ல கேப்சர் கார்டு (அனலாக் வீடியோவ டிஜிட்டலாக்குற கருவி) வழியா ஏத்தணும், அங்க ஃபீல்ட் ஆர்டர் கார்டப் பொறுத்து மாறும், முதல் கேசட்ல ஒரு நிமிஷம் ஏத்தி யாடிஃப் 2எக்ஸ்ல பாத்துட்டு மீதியத் தொடங்குங்க.