ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் எரிந்த வீடு: விவிலியக் குறிப்புகளும் கவிதையின் தொனியும்

மருதநிழல்:
வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்கத் தொடக்ககாலப் படைப்புகளைப் படித்துவருகிறேன். மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் 1666 ஜூலை 10 அன்று தம் வீடு தீக்கிரையானதைப் பற்றி ஆன் பிராட்ஸ்ட்ரீட் எழுதிய கவிதையில், தீயைக் கண்ட சற்று நேரத்திலேயே கொடுத்தவரும் எடுத்தவருமான இறைவனின் நாமத்தை அவர் வாழ்த்துகிறார். இது, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை வாழ்த்திய விவிலிய மாந்தரான யோபுவின் சொல். இதை வைத்துக் கவிதையின் தொனி பணிவே என்று எழுதிவிடலாமா? அப்படியானால் நடுவில் வரும் புலம்பலுக்கு என்ன பொருள் சொல்வது?

கடலோரவாசி:
அவ்வாறு எழுதினால் கவிதையில் பாதி விடுபட்டுப்போகும். 54 வரிகளில் யோபுவின் சொல் 14ஆம் வரியிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய வரியில், எரிவதை இனியும் பார்க்க முடியாத நிலை தமக்கு வந்ததாக அவர் சொல்கிறார். கண்ணைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் வாழ்த்து எழுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘எல்லாம் அவருடையது, என்னுடையதன்று’ என்று அடுத்த வரிகள் நியாயம் பேசுகின்றன. ஆனால் பின்னர் இடிபாடுகளைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தக் கண்கள் பெட்டி இருந்த இடத்தையும் பேழை இருந்த இடத்தையும் தேடுகின்றன. அங்கிருந்து அவர் வீட்டையே முன்னிலைப்படுத்திப் பேசத் தொடங்குகிறார்: உன் கூரையின்கீழ் விருந்தினர் அமரமாட்டார், உன்னில் விளக்கு எரியாது, மணவாளனின் குரல் கேட்காது. இந்தக் கடைசி இரண்டும் விவிலியத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் அழிவைக் குறித்துச் சொல்லப்பட்டவை. தண்டனை பெற்ற நகரத்துக்கான சொற்களைத் தம் அன்புக்குரிய வீட்டுக்கு அவர் எடுத்தாள்வதால், ஒரே வரியில் ஒப்பாரியும் கண்டனமும் சேர்ந்து ஒலிக்கின்றன. இக்கவிதையின் மிக உயர்ந்த இடம் இதுவே என்பேன்.

செவ்வந்தி:
கடலோரவாசி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மணவாளனின் சத்தமும் விளக்கின் வெளிச்சமும் ஓய்ந்துபோகும் என்ற எச்சரிக்கை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு நூலான எரேமியா 25:10இலும் உண்டு. அங்கே அது யூதாவை, அதாவது கடவுளின் சொந்த மக்களை நோக்கியது. தங்களைப் புதிய இஸ்ரவேலாகக் கருதிய பியூரிட்டன்களுக்கு (பிராட்ஸ்ட்ரீட் சார்ந்திருந்த, கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினர்) அந்த வசனமும் நினைவுக்கு வந்திருக்கும் என்பதால், கண்டனத்தைவிடத் துயரமே மேலோங்குகிறது என்று நான் வாசிக்கிறேன்.

மேலும், 1672இல் அவர் இறக்கும்வரை இக்கவிதை அச்சேறவில்லை. பிறருக்குப் போதிக்கும் பிரசங்கத் தொனி இதில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ‘எல்லாம் மாயை’ என்ற, விவிலியத்தின் பிரசங்கி நூலின் சொல்லோடு புலம்பலை நிறுத்தியவுடன் அவர் கடிந்துகொள்வது தம் நெஞ்சைத்தான். முடிவில் விண்ணுலகில் தமக்கென ஒரு வீடு இருப்பதை உறுதியாகச் சொன்ன பின்னரும், உலகை இனி நான் நேசிக்காதபடி செய்யும் என்று வேண்டுகிறார். பற்று அறுந்துவிட்டது என்று அவர் அறிவிக்கவில்லை. அது இன்னும் அறவில்லை என்பதால்தான் அந்த வேண்டுதல். உங்கள் விடையில், ‘செய்யும்’ என்று வேண்டுகோளாக வரும் அந்த வினைச்சொல்லின் வடிவத்தைத் தவறாமல் எடுத்துக்காட்டுங்கள்.