அப்பாவின் சதாபிஷேகத்துக்குள் குடும்பப் படங்களை நூலாக்க விரும்புகிறேன்: வழிகாட்டுங்கள்

கேள்வி: கோவில்பட்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் எங்கள் தந்தையாருக்குச் சதாபிஷேகம் நடைபெறவிருக்கிறது. அதற்குள் வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டு, உடன்பிறந்தோர் நால்வருக்கும் ஆளுக்கொரு படி கொடுக்க விரும்புகிறேன். தாத்தா காலத்து ஸ்டூடியோப் படங்கள் கறுப்புத் தாள் ஆல்பத்தில், மூலை ஒட்டிகளுக்குள் செருகப்பட்டு நல்ல நிலையில் இருக்கின்றன. எண்பதுகளில் எடுத்த வண்ணப் படங்களோ, பசைத்தாளின்மேல் பிளாஸ்டிக் உறை மூடிய ஆல்பத்தில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு, செம்மை படர்ந்து கிடக்கின்றன. சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஆச்சியின் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. கைப்பேசியில் படமெடுத்தால் அச்சுக்குப் போதுமா, எத்தகைய நூலாக அச்சிடுவது நல்லது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லியுதவ வேண்டுகிறேன்.

பதில்: பழைய ஸ்டூடியோக்காரர்

ஐயா, முதலில் ஆச்சியின் படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதத்தால் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கும். உரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்பதால், சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் வைத்துப் படியெடுங்கள். கண்ணாடியின்மேல் வைத்த குங்குமப் பொட்டை முதலில் மெல்லத் துடைத்தெடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

பசை ஆல்பத்திலுள்ள படங்களை விரலால் நெம்பக் கூடாது. மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலானவை விடுபடும். விடுபடாதவற்றைப் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். செம்மை படர்வதற்குக் காரணம், அக்கால வண்ணத்தாளிலிருந்த நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக மங்கியதுதான். எனவே ஸ்கேன் செய்த பின் நிறச்சமநிலையைச் சரிசெய்தால் ஓரளவு மீட்கலாம்.

கைப்பேசிப் படம் நினைவுக்கு உதவும், அச்சுக்குப் போதாது. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 2100க்கு 3000 புள்ளிகள் கிடைக்கும். அச்சுக்கு 300 டிபிஐ வேண்டுமென்பதால், அதை ஏழுக்குப் பத்து அங்குலம் வரை பெரிதாக்கலாம். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள். மூலக்கோப்புகளைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, உறவினரிடமிருந்து வரும் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் செயலிகள், இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாகவே வரைந்து சேர்க்கின்றன. உங்கள் பேரப்பிள்ளைகள் அதைத்தான் பூட்டனாரின் முகமென்று நம்பி வளர்வார்கள். கீறலை நீக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

பதில்: செட்டிநாட்டுப் பேத்தி

பெரியவர் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஸ்கேன் வேலையை அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம், படத்திலிருப்பவர் யாரென்று சொல்லக்கூடியவர்கள் அதுவரை காத்திருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வேலையை உங்கள் தந்தையாரிடமிருந்து தொடங்குங்கள். திருமணக் குழுப்படங்களை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண்ணிட்டு, நல்ல வெளிச்சத்தில் அவர் முன் வைத்துக் கேளுங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் வயதானவர்களுக்கு அலுப்புத் தட்டிவிடும். அவருடைய தங்கையோ சித்தி மகனோ அருகிலிருந்தால் இன்னும் நல்லது. “அது அவர் இல்லை, நெற்குப்பையில் கட்டிக்கொடுத்த மூத்தவர்” என்று ஒருவரை ஒருவர் திருத்தும்போதுதான் செய்திகள் வெளிவரும். பேச்சை ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள்.

படவிளக்கத்தில் “சின்னத் தாத்தா” என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்குச் சின்னத் தாத்தாவாக இருப்பவர் உங்கள் தந்தைக்குச் சித்தப்பா, உங்கள் மகனுக்கு வேறொன்று. நாற்பது ஆண்டு கழித்துப் புரட்டுபவருக்கு அவர் யாரோ ஒருவராகிவிடுவார். முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெண்களுக்குப் பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறிவிடுவதால், பிறந்த வீட்டுத் தொடர்பே படத்திலிருந்து மறைந்துவிடுகிறது. மூலப்படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சிலே ஏற்றது. பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடம் பதிக்கும்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுத்து மின்படிகளாக்கியது. இத்தகைய படங்களுக்கு வரலாற்று மதிப்பும் உண்டு என்பதால், பின்புறமுள்ள ஸ்டூடியோ முத்திரையையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள்; எந்த ஊரில் எடுத்த படமென்பதற்கு அதுவே சான்று.

பதில்: சிவகாசி அச்சகர்

திருமணங்களுக்குச் செய்யும் கரிஸ்மா ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் தடித்த பக்கங்களில் படங்கள் குறைவாகவே அடங்கும், எடையும் மிகுதி. 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம் எடை) மேட் ஆர்ட் தாளில் டிஜிட்டல் அச்சாக, தைத்துக் கட்டிய கெட்டி அட்டை நூலாகச் செய்யுங்கள். பின்னணியில் ரோஜாப்பூவும் நீர்வீழ்ச்சியும் சேர்க்காமல், வெள்ளைப் பக்கத்தில் படத்தை அதன் ஓரங்களோடு முழுதாக வையுங்கள்.

தமிழ் எழுத்தில் மிகுந்த கவனம் தேவை. சில வடிவமைப்பு மென்பொருள்களில் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் உடைந்து, ‘கொ’ என்பது கொம்பும் காலும் இடம்மாறி அச்சாகும். எனவே வடிவமைப்பாளரிடமிருந்து எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கோப்பைப் பெற்று, ஒரே ஒரு படியை மட்டும் முதலில் அச்சிட்டு, பெயர்களைத் தந்தையாரே படித்து ஒப்புதல் தந்த பிறகு மற்ற படிகளுக்குச் சொல்லுங்கள். தை முகூர்த்தக் காலத்தில் அச்சகங்களில் வேலை குவியும் என்பதால், கார்த்திகைக்குள் கோப்பைக் கொடுத்துவிடுவது நல்லது.

கோவில்பட்டிக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு படத்தைப் பற்றி மட்டும் தயக்கம் இருக்கிறது. பூட்டனார் இறந்த அன்று அவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, குடும்பத்தார் சூழ்ந்து நிற்க எடுத்த படம் ஒன்று உள்ளது. சுபநிகழ்ச்சிக்கான நூலில் அது வேண்டாமென்று அண்ணன் சொல்கிறார்.

செட்டிநாட்டுப் பேத்தி

அண்ணன் சொல்வது நியாயம், விழா நூலில் சேர்க்க வேண்டாம். ஆயினும் ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். அக்காலத்தில் பலருக்கு எடுக்கப்பட்ட ஒரே படம் அதுதான். வெளியூரிலிருந்த மக்களும் மருமக்களும் ஒரே சட்டத்துக்குள் நின்றதும் அன்றைக்குத்தான். பூட்டனாரின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண் திறந்திருப்பதுபோல் வரைந்து போடவும் வேண்டாம். சுற்றி நிற்பவர்களின் பெயர்களைத் தந்தையாரிடம் கேட்டு எழுதி, முழுப் படத்தையும் தனிக் கோப்பாக நால்வரிடமும் கொடுத்து வையுங்கள்.