ஆளில்லாத வளவில் ஒரு ராக் கச்சேரி

வளவுவாசி:

எங்கள் ஊர் வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்குச் சொந்தம். ஒருவர்கூட ஊரில் இல்லை, அதனால் வருஷம் முழுக்கப் பூட்டுத்தான். முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்காகத் திறந்தபோது கூட்டம் நிறைந்தது. மறுநாள் விடியற்காலையில் பாதிப் பேர் பல்லவன் ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஆறு பேர், ஒரு டின் மாவுருண்டை, சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு ப்ளூரே வட்டு. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பொம்பெயில் வாசித்த படம், 2025இல் 4கே என்ற மிகத் தெளிவான முறையில் புதுப்பித்து வந்ததே, அதுதான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெயில், எரிமலைச் சாம்பலில் புதைந்து பிறகு தோண்டி எடுத்த அந்தப் பழைய ஊரின் அரங்க வட்டத்தில், பார்வையாளர் இல்லாமல் இவர்கள் நாலு பேரும் வாசித்தார்கள். இயக்குநர் ஏட்ரியன் மேபனுக்கு இந்த எண்ணம் வந்த கதை எனக்குப் பிடிக்கும். விடுமுறைக்குப் போனவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடிக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் தனியாக அந்த வட்டத்துக்குள் திரும்பப் போயிருக்கிறார். ஆளில்லாத கல் படிகள், அந்த அமைதி. இங்கேதான் எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. படைப்பு முடிந்த மறுநாள் சாயங்காலம் வளவில், அதாவது வீட்டு நடுவே திறந்த முற்றத்தில், தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர் மனசு புரியும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வளவில் இரண்டு தூணுக்கு நடுவே எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். கடன் வாங்கிய புரொஜக்டரை மாவு டின் மேல் வைத்தோம். ஸ்பீக்கர் இரண்டையும் ஆன் செய்ததும் ஃபியூஸ் போயிற்று. கம்பி மாற்றினால் மறுபடி போயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். சித்தப்பா மகன் குதித்தான்: ‘அண்ணே, அங்கயும் இதேதான்!’ உண்மைதான். பொம்பெயிலும் மின்சாரம் போதாமல், ஊருக்குள்ளிருந்து கேபிள் இழுத்துத்தான் வேலையை ஆரம்பித்தார்களாம். இதற்கு நாங்கள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அப்பத்தா, ‘கரண்டு போனதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க’ என்று எழுந்து போய்விட்டார்.

‘எக்கோஸ்’ பாட்டின் ஆரம்பத்தில் ஒற்றைப் பியானோ சுரம் வரும், சொட்டு விழுகிற மாதிரி. ஹெட்போனில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வளவில் அது வேறாக இருந்தது. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், மேலே திறந்த வானம். சுரம் முற்றத்தோரத் தாழ்வாரமான ஒரு பத்தியில் பட்டு எதிர்ப் பத்திக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆனால் டிரம்ஸ் வந்ததும் எல்லாம் குழம்பி ஒரே இரைச்சல். வீட்டிலிருந்த ஜமுக்காளம் பூராவையும் சுவரோரமாகத் தொங்கவிட்ட பிறகுதான் காது தேறியது. இந்தப் பதிப்புக்கு ஒலியைப் புதிதாகக் கலந்தவர் ஸ்டீவன் வில்சன். அவர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

படத்தின் தெளிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே ஒரு இடம் போதும். கேமரா ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகுப்புறமாக நகரும். பெட்டிகளில் ‘பிங்க் ஃப்ளாய்ட், லண்டன்’ என்று அச்சு வைத்து எழுதியிருக்கும். பழைய பிரதியில் அதைப் படித்தோம், அவ்வளவுதான். இப்போது அந்த எழுத்தின் பெயிண்ட் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. எனக்கு உடனே எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கிடக்கும் ரங்கூன் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அதிலும் இப்படித்தான், விலாசமும் ஊர்ப் பெயரும். பாட்டைப் பாதியில் விட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கடைசிவரை எங்களோடு உட்கார்ந்திருந்தார். முடிவில் கேமரா பின்னால் போய்ப் போய், காலி வட்டத்துக்கு நடுவில் நாலு பேரும் சிறுத்துப் போவார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘ஏந்தம்பி, டிக்கெட் விக்கலயா?’

கேசட்காரன்:

நான் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தொண்ணூறுகளில் எடுத்த விஎச்எஸ் கேசட்டைக் கொண்டுவந்து, ‘பிங்க் ஃப்ளாய்டுக்கே பண்ணியிருக்காங்க, எங்க ஆச்சி கல்யாணத்தையும் 4கே ஆக்கிக் கொடுங்க’ என்று இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

பொம்பெய் படம் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது. அதன் அசல் நெகட்டிவ், சரியாகப் பெயர் எழுதாத ஐந்து டப்பாக்களில் குழுவின் சொந்தக் கிடங்கிலேயே இருந்திருக்கிறது. ஃபிலிமுக்குள் அவ்வளவு விவரமும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்து அழுக்கை எடுத்தால் வெளியே வரும். கேசட் அப்படி இல்லை. நம் நாட்டு டிவி முறையில் படத்துக்கு 576 வரி. விஎச்எஸ்ஸில் அந்த வரிகளும் மங்கல். இல்லாததை எங்கிருந்து எடுப்பது? வளவுவாசி சொன்ன சுண்ணாம்புப் பூச்சு நூறு வருஷம் ஆனாலும் ஈரத்துணியால் துடைத்தால் மின்னும். சிமெண்டுச் சுவரைத் துடைத்தால் சுத்தமான சிமெண்டுதான்.

பிங்க் ஃப்ளாய்டிடமே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 1988 கச்சேரியை ஃபிலிமில் எடுத்தார்கள், அதனால் பின்னால் அதைத் தோண்டி எடுத்துப் புதிதாகவே வெட்டி ஒட்ட முடிந்தது. 1994இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த ‘பல்ஸ்’ கச்சேரி வீடியோ டேப்பில் எடுத்தது. அதையும் புதுப்பித்தார்கள், நன்றாகவும் இருக்கிறது, ஆனால் டேப் டேப்தான். 1994 படத்தைவிட, அதற்கும் முந்திய படம் இன்று தெளிவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொன்னால், ‘சரி, எவ்வளவு ஆகும்?’ என்கிறார்கள்.

தவில் வீட்டுப் பிள்ளை:

எனக்கு ராக் தெரியாது. தேவகோட்டையில் ஒரு நண்பன் வீட்டில் இதே படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாட்டில் கிட்டத்தட்ட டிரம்ஸ் வாசிப்பவரையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களை எடுத்த சுருள் தொலைந்துபோனதால் அப்படி என்று நண்பன் சொன்னான். தொலைந்ததே நல்லது! நிக் மேசன் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிப் போகிறது. மனுஷன் கண்ணைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. ஒரு கை ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு கை வேறு குச்சியை எடுத்துச் சேர்ந்துகொள்கிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னார். ‘குச்சி போச்சு, காலப்பிரமாணம் போகல’ என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு பாராட்டு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புதுவயல் பேத்தி:

யாரும் நாயைப் பற்றிச் சொல்லவில்லையே! பொம்பெயில் எடுத்தது போதாமல் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் மிச்சத்தை எடுத்தபோது, நாப்ஸ் என்ற நாயைக் கூட்டிவந்து பாட வைத்தார்கள். குழுவின் கிட்டார்காரர் கில்மர் மௌத் ஆர்கன் வாசிக்க, கீபோர்டுக்காரர் ரைட் நாயைப் பிடித்துக்கொள்ள, அது அண்ணாந்து ஊளையிடும். சின்ன வயதில் பினாங்கு மாமா அனுப்பிய கேசட்டில் பார்த்தேன். நகலுக்கு நகல், முகமெல்லாம் சிவப்பாக வழியும். எங்கள் ஆயா உள்ளேயிருந்து ஓடி வந்து, ராத்திரியில் ஊளைச் சத்தம் ஆகாது என்று டிவியையே அணைத்துவிட்டார். அதனால் அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒன்று சொன்னால் அடிக்க வராதீர்கள். புதுப் பிரதியைப் பார்த்தபோது அந்தச் சிவப்பு வழிசல் இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. 2003 டிவிடியில் கம்ப்யூட்டர் கிரகங்களைச் சொருகியிருந்தார்களே, அது வேறு, அதை யாரும் தேட மாட்டார்கள்.

வளவுவாசி:

@புதுவயல் பேத்தி, அந்தக் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த படைப்புக்கு இரண்டையும் ஒரே வேட்டியில் போட்டுப் பார்ப்போம். @தவில் வீட்டுப் பிள்ளை, அப்பாவையும் கூட்டிவாருங்கள். ஃபியூஸ் கம்பி இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். ஊளைக்கு மட்டும் அப்பத்தாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.