லிபர்டடோரஸ் நாக்அவுட் எக்செல் ஷீட்: 2023 காலிறுதியில் இரண்டு அணிகள் தப்பாக வருகின்றன, உதவி தேவை

ஓரக்கோடு:

நண்பர்களே, இரண்டு லெக் (ஒவ்வொரு அணியின் மைதானத்திலும் ஒன்று என இரண்டு ஆட்டம்) ஸ்கோரைக் கொடுத்தால் யார் முன்னேறுகிறார்கள், அடுத்து யாருடன் மோதுகிறார்கள், 2வது லெக் எந்த மைதானத்தில் என்று சொல்லும் ஷீட் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2018–19 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்காகப் போட்டது, அங்கே எல்லாம் பொருந்தியது. அதிலேயே 2023 கோப்பா லிபர்டடோரஸ் (தென் அமெரிக்கக் கால்பந்துக் கிளப் கோப்பை) முடிவுகளை ஏற்றினால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

1) காலிறுதிப் பட்டியலில் போகா ஜூனியர்ஸுக்குப் பதிலாக உருகுவேயின் நசியோனால் வருகிறது. பொலிவாருக்குப் பதிலாக அத்லெட்டிகோ பரனயென்சே. மற்ற ஆறு அணிகளும் சரி.

2) கடைசி 16 சுற்றின் எட்டு ஜோடிகளில் ஆறில் 2வது லெக் மைதானம் தலைகீழாக இருக்கிறது. பால்மெய்ராஸ் ஆடிய ஜோடியும் இன்னொன்றும் மட்டும் சரியாக வருகின்றன. இதற்காகச் சீடிங் எண்களை (பிரிவுச் சுற்று முடிவுப்படி அணிகளுக்குக் கிடைக்கும் தரவரிசை, 1 முதல் 16 வரை) ஒரு இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். சிறிய எண் உள்ள அணிக்கு 2வது லெக் என்பதுதான் ஃபார்முலா.

3) ஸ்கோரே கொடுக்காமல் சிமுலேஷன் ஓட்டினால் பலமான அணிகள் அளவுக்கு மீறி முன்னேறுகின்றன.

மூன்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனியா?

நீலமும் மஞ்சளும்:

முதல் சிக்கலுக்குக் காரணம் அவே கோல் விதி, அதாவது இரண்டு லெக் மொத்தமும் சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்பது. 2018–19இல் ஐரோப்பாவில் அது இருந்தது, உங்கள் ஷீட்டிலும் அப்படியே தங்கிவிட்டது. தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோல் அதை 2021 நவம்பரில் நீக்கியது. 2022 சீசனிலிருந்து லிபர்டடோரஸில் அவே கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது.

நீங்கள் சொன்ன இரண்டு ஜோடியையும் கையால் போட்டுப் பாருங்கள். நசியோனால்–போகா: மொண்டேவீடியோவில் 0–0, போகாவின் மைதானமான லா பொம்போனேராவில் 2–2. பழைய விதிப்படி வெளியூரில் 2 கோல் அடித்த நசியோனால் போயிருக்கும். நடந்தது பெனால்டி ஷூட்அவுட், போகா 4–2. பொலிவார்–பரனயென்சே: லா பாஸில் 3–1, குரிட்டிபாவில் பரனயென்சே 2–0, மொத்தம் 3–3. பரனயென்சேக்கு வெளியூர் கோல் ஒன்று, பொலிவாருக்கு ஒன்றுமில்லை. அதனால் உங்கள் ஷீட் பரனயென்சேயை அனுப்பிவிட்டது. உண்மையில் பெனால்டியில் பொலிவார் வென்றது.

இன்டர்நேசியோனல்–ரிவர் பிளேட் ஏன் சரியாக வந்தது என்றால், இரண்டு லெக்கும் 2–1, 1–2 என்று முடிந்து அவே கோலும் சமம். அதனால் ஷீட் தானாகவே பெனால்டிக்குப் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. போகா–பால்மெய்ராஸ் அரையிறுதி பொம்போனேராவில் 0–0, சாவோ பாவ்லோவில் 1–1. இதில் உங்கள் ஷீட் போகாவைத்தான் காட்டும், விடையும் சரிதான். ஆனால் அவே கோலில் போனதாகக் காட்டும், நடந்ததோ ஷூட்அவுட். எனவே யார் வென்றார் என்பதோடு எப்படி வென்றார் என்பதற்கும் ஒரு பத்தி வையுங்கள். வென்றவரை மட்டும் சரிபார்த்தால் இப்படிப்பட்ட தவறு கண்ணில் படாது.

கணக்குப்பிள்ளை:

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் கால்பந்து விதியில் இல்லை, ஷீட்டில்தான் இருக்கிறது. ஒட்டிய சீடிங் எண்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன. எழுத்தாக ஒப்பிட்டால் "10" என்பது "8"ஐ விடச் சிறியது, ஏனென்றால் முதல் எழுத்து "1". 10 முதல் 16 வரை எண் கொண்ட அணிகள் எல்லாமே 2 முதல் 8 வரை உள்ள அணிகளை முந்திவிடும். இந்தத் தவறில் சிக்காதவை இரண்டே எண்கள். 1 எப்போதும் முன்னால் நிற்கும், 9 எப்போதும் பின்னால் நிற்கும். 2023இல் பிரிவுச் சுற்றின் முதல் எண் பால்மெய்ராஸ். அந்த ஜோடி சரியாக வந்ததும், இன்னொன்று மட்டும் சரியாக வந்ததும் இதனால்தான். அந்த இன்னொன்றில் 9ஆம் எண் அணி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரிசெய்ய: பத்தியில் எண்கள் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அவை எழுத்து. பக்கத்தில் ஒரு பத்தியில் இஸ்நம்பர் (ISNUMBER) ஃபார்முலா போட்டு உறுதி செய்யுங்கள். பிறகு பத்தியைத் தேர்ந்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து நேராக ஃபினிஷ் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இணையப் பக்கத்தின் ஒட்டு இடைவெளி (சாதாரண இடைவெளி போலத் தெரியும் 160ஆம் கேரக்டர்) கூடவே வந்திருக்கும். ட்ரிம் (TRIM) ஃபார்முலா அதை நீக்காது. சப்ஸ்டிட்யூட்டில் (SUBSTITUTE) 160ஆம் கேரக்டரை வெறுமையாக மாற்றி, வெளியே வேல்யூ (VALUE) போட்டு மூடுங்கள். 16 வரிசையையும் மாற்றுங்கள். சிலது எண்ணாகவும் சிலது எழுத்தாகவும் கிடந்தால் இன்னும் மோசம், எக்செல்லில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது.

ஓரக்கோடு:

அந்த இன்னொரு ஜோடியில் 9 இருக்கிறது, அண்ணா. எண்ணாக மாற்றியதும் எட்டும் சரியாகிவிட்டன. அவே கோலை எடுத்ததும் காலிறுதிப் பட்டியலும் சரி. ஆனால் காலிறுதியில் இரண்டு ஜோடி இன்னும் தப்பு. ஃப்ளூமினென்சே–ஒலிம்பியா 2வது லெக்கை ஃப்ளூமினென்சேயின் சொந்த மைதானமான ரியோவின் மரக்கானாவில் காட்டுகிறது, போகா–ரேசிங் 2வது லெக்கை பொம்போனேராவில்.

கணக்குப்பிள்ளை:

காலிறுதிப் பகுதியின் பழைய ஃபார்முலாவில் "பிரிவில் முதலிடம் பெற்ற அணிக்கு 2வது லெக்" என்ற நிபந்தனை சீடிங்குக்கு முன்னால் நிற்கிறதா? சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி 16க்கு அது போதும். இங்கே இந்த நான்கு அணிகளுமே பிரிவில் முதலிடம் வந்தவை. அதனால் நிபந்தனை பட்டியலில் முதலில் எழுதிய அணியிலேயே நின்றுவிடும், சீடிங் வரை போகாது. அந்த வரியையே எடுத்துவிடுங்கள். லிபர்டடோரஸில் முதலிடம் பெற்றவர்களுக்கு 1 முதல் 8, இரண்டாமிடத்துக்கு 9 முதல் 16. அதே எண்தான் அரையிறுதி வரை மைதானத்தைத் தீர்மானிக்கும். இடையில் மாறாது. ஃப்ளூமினென்சே காலிறுதியின் 2வது லெக்கை ஒலிம்பியாவின் ஊரான அசுன்சியோனில் ஆடியது, அரையிறுதியின் 2வது லெக்கை இன்டர்நேசியோனலின் ஊரான போர்ட்டோ அலெக்ரேயில் ஆடியது. போகா ரேசிங்கின் அவெயனேடா மைதானத்துக்குப் போனது.

கையோடு ஜோடி சேர்க்கும் பகுதியையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் அந்த சீசனில் காலிறுதிக்குத் தனியாகக் குலுக்கல் நடந்தது. இங்கே 2017 முதல் கடைசி 16க்கு ஒரே குலுக்கல், அதிலேயே இறுதி வரை பாதை முடிவாகிவிடும். ஜோடிகளை ஏ முதல் ஹெச் வரை எடுத்தால் காலிறுதியில் ஏ–ஹெச், பி–ஜி, சி–எஃப், டி–இ. அரையிறுதியில் முதல் காலிறுதி வென்றவருக்கு நான்காவது, இரண்டாவதுக்கு மூன்றாவது. ஒரே நாட்டு அணிகளைப் பிரித்து வைப்பதும் கிடையாது, ஒரே பிரிவில் ஆடிய இரு அணிகள் மீண்டும் மோதவும் தடையில்லை. ஷீட்டில் அப்படி ஏதாவது தடுப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். 2016 வரை குலுக்கலே இல்லை, 1க்கு 16, 2க்கு 15 என்று நேராகச் சேர்ப்பார்கள்.

பெனால்டி புள்ளி:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் ஷீட் எல்லாச் சுற்றிலும் 30 நிமிட கூடுதல் நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும். லிபர்டடோரஸில் இறுதிக்கு முந்தைய எந்தச் சுற்றிலும் கூடுதல் நேரம் இல்லை. 180 நிமிடம் முடிந்து மொத்தக் கோல் சமமென்றால் நேராகப் பெனால்டி.

இது சிறிய வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் முடிவுகளை நன்றாகவே நகர்த்தும். கூடுதல் நேரம் என்பது பலமான அணிக்கு இன்னொரு 30 நிமிட வாய்ப்பு, அதுவும் 2வது லெக் நடத்தும் அணியின் மைதானத்தில். பெனால்டியில் அந்தப் பலம் பெரும்பாலும் கரைந்துவிடும். 2023இல் இறுதிக்கு முந்தைய 14 ஜோடிகளில் 5 ஷூட்அவுட்டுக்குப் போயின. போகா அவற்றில் மூன்றை வென்று, நாக்அவுட்டில் ஒரு போட்டியைக்கூட 90 நிமிடத்துக்குள் ஜெயிக்காமலே இறுதிக்கு வந்தது. அந்த மூன்றில் இரண்டு எதிரணியின் மைதானத்தில். கூடுதல் நேரம் போட்ட மாடலில் அப்படிப்பட்ட பாதை மிக அரிதாகத்தான் விழும்.

செய்ய வேண்டியது: 180 நிமிடத்தில் சமமென்றால் 0.5க்குக் கீழா மேலா என்று ஒரே ஒரு ராண்டம் எண். ஷூட்அவுட்டில் மைதானத்துக்கோ சீடிங்குக்கோ கூடுதல் மதிப்பு கொடுக்காதீர்கள், அதற்குத் தேவையான தரவு இந்த அளவுப் போட்டிகளில் கிடைக்காது. கூடுதல் நேரப் பகுதியை அழிக்கவும் வேண்டாம், இறுதிக்கு அது தேவை. 2023 இறுதியே 90 நிமிடத்தில் 1–1, ஜான் கென்னடி 99ஆவது நிமிடத்தில் அடித்து ஃப்ளூமினென்சே 2–1. கூடுதல் நேரத்துக்கான கோல் எதிர்பார்ப்பு 90 நிமிட எதிர்பார்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு அணிக்கு 1.2 என்றால் 0.4. இதைப் பிரிக்காமல் விட்டால் கூடுதல் நேரத்தில் கோல் மழை பெய்யும்.

நீலமும் மஞ்சளும்:

பழைய சீசன்களையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் விதியை ஃபார்முலாவுக்குள் எழுதாதீர்கள். தனித் தாளில் விதி அட்டவணை வையுங்கள்: எந்த சீசன் முதல், எந்த சீசன் வரை, எந்தச் சுற்று, அவே கோல் உண்டா, கூடுதல் நேரம் உண்டா. நான்கு வரிசை போதும். 2005–2021 இறுதி தவிர: அவே கோல் உண்டு, கூடுதல் நேரம் இல்லை. 2022 முதல் இறுதி தவிர: இரண்டும் இல்லை. 2008–2018 இறுதி: இரண்டு லெக், அவே கோல் இல்லை, கூடுதல் நேரம் உண்டு. 2019 முதல் இறுதி: இரு அணிக்கும் பொதுவான மைதானத்தில் ஒரே போட்டி, கூடுதல் நேரம் உண்டு.

தேதியை வைத்து விதியைத் தேடாதீர்கள், சீசனுக்கென்று தனிப் பத்தி வேண்டும். 2020 சீசனின் இறுதி 2021 ஜனவரி 30இல்தான் மரக்கானாவில் நடந்தது. நம் நேரப்படி தேதி பதிந்தாலும் குழப்பம் வரும். பிரேசிலில் இரவு 9:30க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் மறுநாள் காலை 6 மணி.

விதி அட்டவணை வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த ஜோடிகளை ஏற்றுங்கள். 2008 இறுதி: கீட்டோவில் ஈக்வடோரின் எல்டியூ அணி 4–2, மரக்கானாவில் ஃப்ளூமினென்சே 3–1, மொத்தம் 5–5. ஃப்ளூமினென்சே வென்றதாக வந்தால் இறுதியில் அவே கோல் தப்பாக வேலை செய்கிறது என்று பொருள். கோப்பை எல்டியூவுக்கு, பெனால்டியில். 2021 அரையிறுதி: பால்மெய்ராஸ்–அத்லெட்டிகோ மினெய்ரோ 0–0, பெலோ ஒரிசோன்டேயில் 1–1. பால்மெய்ராஸ், அவே கோலில். மறு ஆண்டு அதே இரு அணிகள் காலிறுதியில் 2–2, 0–0. மீண்டும் பால்மெய்ராஸ், ஆனால் பெனால்டியில் 6–5. இந்த இரண்டும் சரியாக வந்தால் 2021, 2022 எல்லையும் சரி.

2018 இறுதி இன்னும் நல்ல சோதனை. பொம்போனேராவில் போகா–ரிவர் 2–2, மாட்ரிட்டில் 90 நிமிடத்தில் 1–1. அவே கோல் இருந்திருந்தால் அங்கேயே ரிவர். ஷீட் அங்கே நிற்காமல் கூடுதல் நேரத்துக்குப் போய் 3–1 என்று முடிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் "கையால் முடிவு" என்றொரு பத்தியும் வேண்டும். 2015 கடைசி 16இல் ரிவர் முதல் லெக்கை 1–0 வென்றது. பொம்போனேராவில் இடைவேளையில் ரிவர் வீரர்கள் மீது மிளகு ஸ்ப்ரே அடிக்கப்பட்டு ஆட்டம் கைவிடப்பட்டது, போகா தகுதி நீக்கம். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது மெக்சிகோவின் குவாதலஹாரா, சான் லூயிஸ் இரண்டும் கடைசி 16இல் ஆடாமலே வெளியேறின. இவற்றுக்கு எந்த ஃபார்முலாவும் விடை சொல்லாது. பத்தியில் அணிப் பெயர் இருந்தால் அதையே எடு, காலியாக இருந்தால் மட்டும் கணக்குப் போடு என்று வையுங்கள்.

ஓரக்கோடு:

2008, 2018, 2021, 2022 நான்கும் சரியாக வந்துவிட்டன, எப்படி வென்றார் பத்தியும் பொருந்துகிறது. மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. சொந்த மைதானச் சாதகத்தை எல்லா அணிக்கும் ஒரே எண்ணாக வைத்திருக்கிறேன், இது இங்கே செல்லுமா? பிரிவில் மூன்றாமிடம் வந்தவர்களை சுடமெரிகானாவுக்கு (தென் அமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பை) அனுப்பும்போது இதே சீடிங்கைப் பயன்படுத்தலாமா?

மலைக்காற்று:

ஒரே எண் செல்லாது. லா பாஸின் ஹெர்னாண்டோ சிலெஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர், கீட்டோ சுமார் 2,800. அங்கே காற்று மெல்லியது. தாழ்நில அணி இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும், பந்தும் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போகும். 2025 அரையிறுதியில் எல்டியூ கீட்டோவில் பால்மெய்ராஸை 3–0 வென்றது, சாவோ பாவ்லோவில் 4–0 தோற்று வெளியேறியது. உங்கள் தரவிலேயே பொலிவார் 3–1, பிறகு 0–2.

மைதான உயரத்துக்கு ஒரு பத்தி வைத்து, 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் தனிச் சாதக எண் கொடுங்கள். ஆனால் உயரத்தை அல்ல, உயர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். பொலிவார் கீட்டோவுக்குப் போனால் அது பெரிய தடையில்லை, ரியோ அணி போனால்தான் தடை. இதை மறந்தால் ஆண்டீஸ் அணிகள் தங்களுக்குள் மோதும்போது உள்ளூர் அணிக்கு இல்லாத பலம் வந்துவிடும். இன்னொன்று, மலை அணியின் ஒட்டுமொத்தத் தரத்தைச் சொந்த மைதான முடிவுகளிலிருந்து எடுக்காதீர்கள். உயரத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

சுடமெரிகானாவுக்கு இந்தச் சீடிங்கைக் கொண்டுபோக வேண்டாம். 2023 முதல் லிபர்டடோரஸில் மூன்றாமிடம் வந்த எட்டு அணிகளும் அங்கே பிரிவில் இரண்டாமிடம் வந்தவர்களோடு பிளேஆஃப் ஆடுகின்றன. 2023இல் லிபர்டடோரஸிலிருந்து இறங்கிய கொரிந்தியன்ஸ் முதல் லெக்கை சாவோ பாவ்லோவில் ஆடியது, 2வது லெக் லிமாவில் யுனிவர்சிதாரியோ மைதானத்தில். அந்தச் சுற்றுக்கு விதி அட்டவணையில் தனி வரிசை போட்டு, 2வது லெக் சுடமெரிகானா அணிக்கு என்று எழுதிவிடுங்கள்.