கோழிக்கூட்டுக் கதவு ஜப்பான் பிளேன்ர துண்டா? (திருகோணமலை)

கொட்டியாரக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட அப்பப்பா 1942 சித்திரையில ஜப்பான்காரன் திருகோணமலையில குண்டு போடேக்க பன்னெண்டு வயசுப் பெடியன், சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச புகை நாள்கணக்கா நிண்டது எண்டு சாகும்வரைக்கும் சொல்லுவார். பிறகு மாடு தேடிக் காட்டுக்க போன இடத்தில ஒரு தகரத்தைக் கண்டு தலையில வச்சுக் கொண்டு வந்தாராம், "ஜப்பான் பிளேன்ர செட்டை" எண்டு. அதுதான் இவ்வளவு காலமும் எங்கட கோழிக்கூட்டுக்குக் கதவு. போன கிழமை கூட்டைத் திருத்தேக்க கழட்டிப் பாத்தன். ரெண்டரை அடி நீளம், மெல்லிசா வளைஞ்சிருக்கு, பாரமே இல்லை, துரு ஒரு பொட்டும் இல்லை, வெள்ளையாப் பூத்து மட்டும் கிடக்கு. கரையில ஒரு போல்ட், மச்சான் எம்6 (6 மில்லிமீட்டர்) நட் போட்டுப் பாத்தான், ஏறுது ஆனா லொடலொட எண்டு ஆடுது. மில்லிமீட்டர் எண்டா ஜப்பான் தானே எண்டுறான் அவன். பக்கத்து வீட்டு வாத்தியார் இது வெள்ளைக்காரன்ர ஹரிக்கேன் பிளேன் எண்டு அடிச்சுச் சொல்றார். ஆர் சரி?

ஜீரோபித்தன்:
சந்தேகமே வேணாம் ப்ரோ ஜப்பானோட ஜீரோ சண்டை விமானம் தான்!! ஏலத்துல விட்டா லட்சக்கணக்குல போகும், உடனே நல்லா பாலிஷ் போட்டு போட்டோ போடுங்க

பழைய ஃபிட்டர்:
பாலிஷ் மட்டும் போட்டுறாதீங்க தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். அடையாளமே அந்த அழுக்குக்கு அடியிலதான் இருக்கும்.

முதல்ல போல்ட். பிரிட்டிஷ்காரன் கிட்ட பிஏ-ன்னு ஒரு மரை இருந்துச்சு, அதுல 0பிஏ சரியா 6 மில்லிமீட்டர், பிட்ச்சும் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி) 1 மில்லிமீட்டர், அச்சு அசல் எம்6 மாதிரியே. ஆனா மரையோட கோணம் 47.5 டிகிரி, எம்6க்கு 60. அதான் நட் ஏறியும் ஆடுது, நானே வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதுல ஏமாந்திருக்கேன். அதனால உங்க போல்ட் பிரிட்டிஷ் தான்னு நினைக்கிறேன். ஆனா ஒரு கேள்வி, அது தகரத்தோட வந்த போல்ட்டா, இல்ல தாத்தா கீல் மாட்டப் போட்டதா? ரெண்டாவதுன்னா வாத்தியாரும் ஜெயிக்கல.

ஹரிக்கேனோட பின்னுடம்பு துணி போர்த்தினது, ஆனா முன்பக்கமும் றெக்கையும் தகரம், அதனால அதை ஒரேயடியா தள்ளவும் முடியாது. ஃபுல்மார், கேட்டலினான்னு அப்ப இலங்கையில இருந்த மத்த பிளேனும் பெரும்பாலும் தகரம் தான். உள்பக்கம் என்ன கலர்னு பாருங்க. பிரிட்டிஷ் பிளேன்ல சாம்பல் கலந்த பச்சை பெயிண்ட், அடியில இருக்கிற உலோகம் தெரியாது. ஜப்பான் கடற்படை பிளேன்ல நீலப்பச்சை வார்னிஷ் மாதிரி ஒண்ணு, அதுக்கு ஊடா உலோகம் மினுக்கும். ஆஓடகே-ன்னு பேரு, பச்சை மூங்கில்னு அர்த்தம். வட்டத்துக்குள்ள நங்கூரம் குத்தியிருந்தா அது கடற்படை முத்திரை.

கொட்டியாரக்காத்து:
ஐயா, போல்ட் அப்பப்பா போட்டது தான், அம்மாட்டக் கேட்டன், பேஸில வேலை செய்த ஆரோ குடுத்ததாம். வெளிப்பக்கம் நான் நேற்றே பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சிட்டன், மன்னிக்கவேணும். உள்பக்கம் கோழி எச்சம் காய்ஞ்சு கட்டியாக் கிடந்தபடியாத் தப்பிச்சிட்டுது. இளம் சுடுதண்ணியில ஊறவைச்சு மெதுவா எடுத்தன். நீங்க சொன்ன அதே நீலப்பச்சை! வெயிலில சரிச்சுப் பிடிச்சா மயில் கழுத்து மாதிரி. மூலையில சின்ன நங்கூரமும் இருக்கு. பக்கத்தில கறுப்பு மையில ஒரு எழுத்து, பெட்டி கீறி நடுவால ஒரு கோடு இழுத்த மாதிரி.

ஜீரோபித்தன்:
அது நகாஜிமாங்கிற ஜப்பான் பிளேன் கம்பெனியோட முதல் எழுத்து!! சொன்னேன்ல ஜீரோன்னு!!

பழைய ஃபிட்டர்:
முதல் எழுத்து சரிதான், ஆனா அந்த எழுத்துக்கு "நடு"ன்னும் அர்த்தம். நடுத் தகடுன்னு எவனாவது அடையாளத்துக்கு எழுதியிருக்கலாம். கம்பெனிப் பேராவே இருந்தாலும் முடிவு ஆகாது. ஜீரோவை வரைஞ்சது மிட்சுபிஷி, 1941 கடைசியிலேர்ந்து நகாஜிமாவும் கட்டினான், போர் முடியறப்ப மிட்சுபிஷியை விட நகாஜிமா கட்டினதுதான் அதிகம். அதே நகாஜிமா வரைஞ்சதுதான் கேட்-னு நேசநாட்டுக்காரங்க பேர் வச்ச குண்டு விமானமும்.

ஏப்ரல் 9 திருகோணமலைக்கு வந்தது கேட்டும் ஜீரோவும். வால்-னு சொல்ற டைவ் பாம்பரை அன்னிக்கு கப்பலுக்காக ஒதுக்கி வச்சிருந்தாங்க, மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மீஸ்ங்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிச்சது அதுதான். ஆக ரெண்டுல ஒண்ணு. எழுத்து கம்பெனிப் பேருன்னா என் ஓட்டு கேட்டுக்கு, ஏன்னா நகாஜிமா ஜீரோ கட்ட ஆரம்பிச்சு அப்ப அஞ்சாறு மாசம் தான். இனி ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளியை அளந்து, மேல ஒரு ஸ்கேல் வச்சு நேரா போட்டோ எடுத்துப் போடுங்க, வரைபடத்தோட ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரத்மலானையில விமானப்படை மியூசியம் இருக்கு, அங்கயும் காட்டுங்க. விக்கிறதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

கொட்டியாரக்காத்து:
நல்லது ஐயா, ஞாயிற்றுக்கிழமை அளந்து போடுறன். வாத்தியாருக்கு நங்கூரத்தைக் காட்டினன், ஒண்டும் பேசாமப் போட்டார். அம்மா தான் கதவு எப்ப திரும்பி வரும் எண்டு கேட்டு நிக்கிறா, ராத்திரி கீரி புகுந்து ரெண்டு கோழியைக் கொண்டு போட்டுது.