வலது கைக் காக்கி

குழு: டிரைவர் வீடு 🚌

சனிக்கிழமை

[காலை 6:52] நான்: 📷 படம்

[காலை 6:53] நான்: பெரியப்பா, நேத்து ராத்திரி தச்ச முதல் கட்டம் இது. 12½ இஞ்ச் வரணும். 11¾ தான் வருது. எங்க விட்டேன்னு புரியல

[காலை 7:10] செல்வி சித்தி: என்ன கவி இது, மிதியடியா? அழகா இருக்கே

[காலை 7:14] நான்: மிதியடி இல்ல சித்தி, அப்பத்தாவுக்குப் போர்வை. தாத்தாவோட காக்கிச் சட்டையில. நடுவுல ஒரு சதுரம் வச்சு அதைச் சுத்திச் சுத்திப் பட்டை தைக்கணும். அமெரிக்காக்காரங்க லாக் கேபின்னு சொல்ற கட்டம், மரக்கட்டைய அடுக்கிக் கட்டின வீடு மாதிரி. மூலைக்கு மூலை கோடு போட்டா ஒரு பாதி வெளிர், ஒரு பாதி அடர்த்தி. இந்த மாதிரி 12 கட்டம் சேந்தா மடியில போத்திக்கிற அளவுக்கு வரும்

[காலை 7:21] அத்தை ஹூப்ளி: எங்கப்பா சட்டையையா வெட்டின?

[காலை 7:21] அத்தை ஹூப்ளி: யாரக் கேட்டு?

[காலை 7:23] நான்: பொங்கலுக்கு வந்தப்ப அப்பத்தாதான் டிரங்குப் பெட்டியத் திறந்து எடுத்துக் குடுத்தாங்க அத்தை

[காலை 7:26] அத்தை ஹூப்ளி: அம்மா குடுத்தா உடனே கத்திரி வச்சிடுறதா? போனவங்க துணிய யாராவது இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். இல்லன்னா அப்படியே மடிச்சு வைக்கணும். எனக்கு அந்தப் படத்தைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு

[காலை 7:40] அம்மா: அண்ணி, அவ ரெண்டு வாரம் யோசிச்சுட்டுத்தான் வெட்டினா. முதல் சட்டையில கத்திரி வைக்க முடியாம அழுதுட்டா. பிறகு வெட்டாம தையலப் பிரிச்சு எடுத்தா

[காலை 7:58] பெரியப்பா: கவி, தையலுக்கு எவ்வளவு விட்ட

[காலை 7:59] நான்: கால் இஞ்ச் பெரியப்பா

[காலை 8:00] பெரியப்பா: அளந்து விட்டியா, மிஷின் பாதத்தோட ஓரத்தக் கணக்கு வச்சியா

[காலை 8:00] நான்: பாதத்தோட ஓரம்

[காலை 8:03] பெரியப்பா: அதான். உன் மிஷின் பாதம் அரை நூல் அகலம் கூட. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் கணக்கு. கால் இஞ்சுக்கு ரெண்டு நூல், நீ ரெண்டரை விட்டிருக்க. ஒரு தையல்ல ரெண்டு துணியிலயும் அரை அரை போனா மொத்தம் ஒரு நூல். கட்டத்துக்குக் குறுக்கால எத்தனை தையல் வருது

[காலை 8:04] நான்: எண்ணிட்டேன். 6

[காலை 8:05] பெரியப்பா: 6 நூல். முக்கால் இஞ்ச். உன் அளவுல குறையுறதும் அதுதான்

[காலை 8:06] நான்: 🙏🙏 ராத்திரி முழுக்க மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தேன்

[காலை 8:11] பெரியப்பா: மெல்லிசா ஒரு அட்டைய மிஷின் தட்டுல ஒட்டிக்க. ஊசியில இருந்து சரியா ரெண்டு நூல் தள்ளி. துணி அதை உரசிக்கிட்டே போகட்டும். இன்னொண்ணு, இது டிரில் துணி, தடிமன். தையல ஒரு பக்கமா சாய்க்காத, ரெண்டா விரிச்சு அயர்ன் பண்ணு. இல்லன்னா நாலு கட்டம் சேர்ற மூலையில கல்லு மாதிரி முட்டும். ஊசி 16ஆம் நம்பர் போடு

[காலை 9:32] செல்வி சித்தி: எனக்கு ஒண்ணு புரியல. எல்லாமே மாமா சட்டைன்னா வெளிர் எங்கேருந்து வந்துச்சு? ரெண்டு விதக் காக்கி வாங்கினியா?

[காலை 9:47] நான்: வாங்கல சித்தி. ரெண்டு நிறமும் ஒரே சட்டையிலதான். பிரிச்சு விரிச்சப்பதான் நானே பாத்தேன். வலது கை வெளுத்துக் கிடக்கு, கிட்டத்தட்ட மணல் கலர். இடது கை அப்படியே காக்கி. முதல்ல ரெண்டும் வேற வேற சட்டையோடதுன்னு நினைச்சுப் பிரிச்சு வச்சேன். ஒவ்வொரு சட்டையிலயும் அப்படியே இருந்துச்சு. டிரைவர் சீட்டு வலது பக்கம், ஜன்னல் வலது பக்கம். வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறி இறங்குற வரைக்கும் அந்தக் கைதான் வெயில்ல

[காலை 9:49] நான்: அதுக்கப்புறம் ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். சட்டைப் பை பிரிச்ச இடத்துல சதுரமா புதுக் காக்கி இருக்கு. அதைத்தான் எல்லாக் கட்டத்துக்கும் நடுவுல வைக்கிறேன். பேன்ட்டுக்குள்ள விட்டிருந்த அடிப்பகுதி அதுக்கு அடுத்த அடர்த்தி, அது வெயிலே பாக்கல. முதுகு இடைப்பட்ட நிறம், சீட்டுல சாஞ்சு தேஞ்சது

[காலை 9:50] நான்: 📷 படம்

[காலை 9:51] நான்: இடமிருந்து வலம்: பைக்கு அடியில, சட்டை அடி, இடது கை, முதுகு, வலது தோள், வலது கை. எல்லாம் ஒரே சட்டை

[காலை 9:58] செல்வி சித்தி: அய்யோ

[காலை 10:02] தம்பி சரவணன்: அக்கா, அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாரு. எது நிஜமாவே வெளிர், எது அடர்த்தின்னு அதுலதான் தெரியும். முதுகும் இடது கையும் ஒரே சாம்பலா வருது பாரு. அந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா பட்டை தனியாத் தெரியாது

[காலை 10:09] நான்: உண்மைதான் சரவணா. பல கலர் இருந்தா கலரே ஒண்ணை ஒண்ணு பிரிச்சுக் காட்டிரும். ஒரே கலர்ல வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் வேலை செய்யுது. அதுல தப்பினா கட்டம் மொத்தமா ஒரே தகடா ஆயிடும். முதல் கட்டத்துல ரெண்டு இடத்துல அப்படித்தான் ஆயிருக்கு, பிரிக்கப் போறேன்

[காலை 10:40] பெரியப்பா: 1983ல கடை போட்டதுல இருந்து அப்பா ரிட்டையர் ஆகுற வரைக்கும் அந்தச் சட்டையெல்லாம் நான் தச்சதுதான். கழுத்து 16, தோள் 18½, கை நீளம் 24. இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த வெளுப்ப நான் பாத்ததில்ல. புதுசாத் தச்சுக் குடுத்துருவேன், பழசு என் கைக்கு வராது

[காலை 10:42] பெரியப்பா: வலது முழங்கை மட்டும்தான் வரும், அது முதல்ல கிழியும். ஜன்னல் விளிம்புல கைய வச்சு ஓட்டுறவரு. உள் பக்கமா ஒட்டு வச்சுக் குடுப்பேன்

[காலை 10:43] நான்: அந்த ஒட்டு இருக்கு பெரியப்பா!! ரெண்டு சட்டையில. வெளியில பாத்தா தெரியவே இல்ல, பிரிச்சப்பதான் கைக்கு வந்துச்சு. அவ்வளவு பொடித் தையல்

[காலை 10:44] பெரியப்பா: அதப் பிரிக்காத

[காலை 10:44] நான்: பிரிக்கல

[பகல் 12:15] அப்பா: ஒரு தகவல். காக்கிங்கிற சொல்லே உருதுல தூசிங்கிற அர்த்தத்துல வந்தது. 1846ல பெஷாவர்ல வெள்ளைக்காரங்க ஆரம்பிச்ச கைட்ஸ்ங்கிற படை வழியாத்தான் பட்டாளத்துக்குள்ள வந்துச்சு. மண்ணோட மண்ணா ஆளு தெரியக் கூடாதுன்னு போட்ட துணி. எங்கப்பா அதைத் தூசியில போட்டுத் தூசியிலயே ஓட்டினாரு

[பகல் 1:05] நான்: அத்தை, கோவமா இருக்கீங்களா?

[பகல் 1:30] அத்தை ஹூப்ளி: கோவம் இல்ல. அந்த வலது கை படத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்

[பகல் 1:44] நான்: ஒண்ணு சொல்றேன் அத்தை. அமெரிக்காவுல அலபாமா ஆத்து வளைவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். பருத்திக் காட்டுல வேலை பாத்த கறுப்பினக் குடும்பங்க. 1942ல மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா, புருசன் இறந்ததும் அவர் காட்டு வேலைக்குப் போட்ட துணியெல்லாம் எடுத்துப் போர்வையாத் தச்சாங்க. அவரை நினைச்சுக்கிட்டே அதுக்குள்ள படுத்துக்கணும்னு. மக அர்லோன்சியா பின்னால சொன்னதுனால நமக்குத் தெரியுது. அந்த ஊர்ப் போர்வைகள்ல பாக்கெட் பிரிச்ச இடமும் முழங்கால் தேஞ்ச இடமும் அப்படியே தெரியும். 2002ல ஹூஸ்டன் மியூசியத்துல ஓவியம் மாதிரி சுவத்துல மாட்டுனாங்க. அதைப் படிச்ச பிறகுதான் எனக்குத் துணிய எடுக்கத் தைரியம் வந்துச்சு

[பகல் 2:20] அத்தை ஹூப்ளி: எங்க பக்கத்துலயும் உண்டு கவி. எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தின்னு (Siddi) ஒரு இனத்து ஜனங்க இருக்காங்க, முன்னோருங்க ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க. பழைய சேலை, சட்டையெல்லாம் வச்சுக் கவண்டின்னு போர்வை தைப்பாங்க. நம்ம மாதிரி கட்டம் கட்டமா செஞ்சு சேக்கிறதில்ல. அடித்துணிய விரிச்சு, ஓரத்துல இருந்து துண்டு வச்சுக் கையாலயே தச்சுக்கிட்டு நடுவுக்கு வருவாங்க. நாலு மூலையிலயும் சின்னதா மடிச்சு ஒரு முக்கோணம், அதைப் பூன்னுதான் சொல்றது. பூ இல்லாத போர்வை முடியாத போர்வை

[பகல் 2:22] அத்தை ஹூப்ளி: ஆனா அதெல்லாம் ஊரான் துணி. இது எங்கப்பா துணி

[மாலை 4:35] அப்பத்தா: 🎤 குரல் செய்தி 1:48

[மாலை 4:41] செல்வி சித்தி: கூட்டத்துல இருக்கேன், கேக்க முடியல. அத்தை என்ன சொல்றாங்க? யாராவது எழுதுங்களேன்

[மாலை 4:55] அம்மா: அத்தை சொன்னத அப்படியே எழுதுறேன். "வெயிலு வெயிலுங்கிறீங்களே, வெயிலு மட்டுமா? துவைச்சவ நான்ல. வேர்வையும் ரோட்டுப் புகையும் அந்த வலது கையிலதான் அப்பும். இடது கைய ஒரு கசக்குக் கசக்குனா போதும். வலது கைக்கு ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கல்லுல அடிப்பேன். அதுல வெளுத்ததும் உண்டு. தாயி, நீ அழாத. பெட்டிக்குள்ள கிடந்தா பூச்சி திங்கும். எனக்குக் குளிருது, போத்திக்கிடுறேன். ரிட்டையரு ஆன அன்னைக்குப் போட்ட சட்டைய மட்டும் தொடாத கவி, அது எம்மவளுக்கு"

[மாலை 5:02] அத்தை ஹூப்ளி: அம்மாவுக்கு ராத்திரி போன் பண்றேன்

[மாலை 5:10] நான்: அந்தச் சட்டை தனியா இருக்கு அத்தை. பட்டன்கூடக் கழட்டல. 5ல 4தான் பிரிச்சேன்

ஞாயிற்றுக்கிழமை

[காலை 8:20] பெரியப்பா: கடையில காக்கி வெட்டுத்துணி ஒரு மூட்டை கிடக்கு. ஆட்டோக்காரங்களுக்குத் தச்சது, செக்யூரிட்டிக்குத் தச்சது. பஸ்ல குடுத்து விடவா

[காலை 8:33] நான்: கொஞ்சம் மட்டும் அனுப்புங்க பெரியப்பா, பாக்குறேன். வெளிருக்குத்தான் துணி பத்தல. ஒரு கட்டத்துக்கு 2 இஞ்ச் பட்டை வெளிர்ல மட்டும் 43½ இஞ்ச் வேணும். கையோட உள் பக்கம் வெளுக்கல, அதனால ஒரு கையில ரெண்டு கட்டம்தான் தேறுது. மிச்சத்துக்கு வலது தோள்பட்டை

[காலை 8:41] பெரியப்பா: புதுசுல உனக்கு வெளிர் கிடைக்காது. அதோட காக்கின்னா ஒரே கலர் இல்லம்மா. ஒண்ணு பச்சையாச் சாயும், ஒண்ணு செம்மண்ணாச் சாயும், ஒண்ணு மஞ்சளா இருக்கும். தனியாப் பாத்தா எல்லாம் காக்கி. பக்கத்துல வச்சாத்தான் சண்ட போடும்

[காலை 8:44] பெரியப்பா: நூல எரிச்சுப் பாத்தியா

[காலை 8:45] நான்: எதுக்கு?

[காலை 8:49] பெரியப்பா: நாலுல ஒண்ணு டெரிகாட்டனா இருக்கும், கடைசியாத் தச்சது. ஓரத்துல ஒரு நூல் உருவித் தீக்குச்சியில காட்டு. பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாசம், சாம்பல் உதிரும். டெரிகாட்டன்னா உருகிக் கெட்டியா மணி கட்டும். ரெண்டையும் ஒரே சூட்டுல அயர்ன் பண்ணாத, டெரிகாட்டன் மினுமினுத்துப் போகும்

[காலை 9:15] நான்: பாத்துட்டேன். மூணு பருத்தி, ஒண்ணு மணி கட்டுது. டெரிகாட்டன் அவ்வளவா வெளுக்கவும் இல்ல. அதை அடர்த்திப் பக்கத்துக்கு வச்சுக்கிறேன், சூட்டைக் குறைச்சுத் தேய்க்கிறேன்

[காலை 9:20] பெரியப்பா: சரி. பழைய துணி சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கியாச்சு. என் மூட்டைத் துணிய எடுக்கிறதா இருந்தா தண்ணியில முக்கிக் காயப்போட்டுட்டு வெட்டு

[காலை 11:02] அம்மா: அடித்துணி என்ன போடப் போற? நடுவுல பஞ்சா?

[காலை 11:10] நான்: டிரில்லுக்குள்ள பஞ்சு வச்சா அப்பத்தா தூக்க முடியாதும்மா. நடுவுல பழைய வேட்டி ரெண்டு மடிப்பு. அடியில அப்பத்தாவோட சின்னாளப்பட்டி சுங்குடி, அந்த அரக்குல வெள்ளைப் புள்ளி. சாயம் இறங்குமான்னு வெள்ளைத் துணியில ஈரமா வச்சு ஒத்திப் பாத்துட்டேன், இறங்கல

[காலை 11:31] அத்தை ஹூப்ளி: மூலையில பூ வைக்கப் போறியா?

[காலை 11:33] நான்: வைக்கத் தெரியாதே அத்தை

[காலை 11:40] அத்தை ஹூப்ளி: சின்னச் சதுரம் வெட்டி மூலைக்கு மூலை மடி. அதைத் திரும்ப ஒரு மடி மடி. வெட்டுன பிசிறு உள்ள பக்கம் போர்வையப் பாத்து இருக்கட்டும். நாலு பூவுக்கும் துணி நான் குடுக்கிறேன். அந்தச் சட்டை வந்ததும் வலது கையில இருந்து எடுத்து அனுப்புறேன். நானே பிரிக்கிறேன், நீ பிரிக்க வேணாம்

[காலை 11:41] நான்: ❤️

[மாலை 6:18] நான்: 📷 படம்

[மாலை 6:19] நான்: ரெண்டாவது கட்டம். சரியா 12½. நடுவுல பைச் சதுரம். மேல் வலது ஓரத்துல கடைசிப் பட்டை முழங்கை ஒட்டோட வச்சிருக்கேன், தடிமனா இருக்கு, கையில தட்டுப்படுது. பிரிக்கல

[மாலை 6:30] பெரியப்பா: ஊசி உடையலையா

[மாலை 6:31] நான்: அந்த இடத்துல மட்டும் சக்கரத்தக் கையால சுத்தினேன்

[மாலை 6:32] பெரியப்பா: அதான் சரி

[இரவு 7:05] அப்பத்தா: 🎤 குரல் செய்தி 0:09

[இரவு 7:08] அம்மா: "பட்டன எல்லாம் எண்ணி டப்பாவுல போட்டு வையி. ஒரு சட்டைக்கு ஏழு."

[இரவு 7:12] நான்: 28 இருக்கு அப்பத்தா. எண்ணிட்டேன்